வீடு பார்க்க வந்தவள்

நவம்பர் 2003, ஞாயிற்றுக்கிழமை

இந்த டில்லி வீட்டை விற்கப்போவதை இவர் என்னிடம் சொல்லவே இல்லை. ரிடையர் ஆனதும் திருநெல்வேலிக்கே போய்விடுவதென்று தன் தம்பியோடு போனில் பேசி முடித்துவிட்டார். பெயிண்ட் வாளியோடு ஆள் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் வாசலில் வரைந்திருந்த கோலத்தையும் சுரண்டி எடுத்தார்கள். பொறுத்துக்கொண்டேன்.

இன்று மத்தியானம் வீடு பார்க்க வருகிறார்கள், கருவாட்டு வாடையே இருக்கக் கூடாது என்று புரோக்கர் உத்தரவு. இந்த ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவார்களாம். ஓடட்டும். இவர் அவர்களைக் கூட்டிவரக் கீழே இறங்கியதும் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு நெத்திலிக் கருவாட்டை வறுத்தேன்.

உள்ளே வந்ததும் இவர் முகம் வெளிறிவிட்டது. “ஏளா, என்ன காரியம் பண்ணுத?” என்று பல்லைக் கடித்தார். நான் அடுப்பை அணைக்கவில்லை.

வீடு பார்க்க வந்தவள் நேரே அடுக்களைக்கு வந்தாள். “சுட்கி ஹை க்யா, தீதி?” என்றாள். வங்காளத்துக்காரி. கருவாடா அக்கா என்று கேட்கிறாள்; அவர்கள் ஊரில் கருவாட்டுக்குச் சுட்கி என்றுதான் பெயராம். மீன் சமைத்தால் சண்டைக்கு வராத அக்கம்பக்கம்தான் தேடிக்கொண்டிருந்தாளாம். ஒரு நெத்திலியை எடுத்துக் கடித்துக்கொண்டே புருஷனைப் பார்த்துத் தலையாட்டினாள். அதோடு விலை படிந்துவிட்டது.

ராத்திரி சாப்பிடும்போது இவருக்கு ஒரே சிரிப்பு. “உன் கருவாடுதாம்ளா வீட்ட வித்துக் குடுத்திருக்கு” என்று தட்டை நீட்டினார். மிச்சக் கருவாட்டை அவர் கண்ணெதிரிலேயே பூனைக்குப் போட்டேன்.