மலைக்குப் போகிற வண்டி

பாப்பாவின் அப்பாவுக்கு,

அன்புடன் எழுதுவது. நானும் பாப்பாவும் நலமாக இருக்கிறோம். முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிட்டால் மீதியைப் பதறாமல் படிப்பீர்கள் என்றுதான் சொல்கிறேன். துறைமுகத்திலிருந்து நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதம் நேற்று கைக்கு வந்தது. எந்த வண்டி கிடைக்கிறதோ அதில் ஏறி, கிடைக்காவிட்டால் நடந்தாவது வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னால் செய்துவிடுகிற ஆள். எனக்கு அதுதான் பயம். அதனால் இதே கடிதத்தை மூன்று தாளில் எழுதி மூன்று லாரிக்காரர்களிடம் கொடுக்கப்போகிறேன். ஒன்றாவது வழியில் உங்களை வந்து சேராதா?

அக்கா வீட்டு அத்தானின் வண்டி நாளை விடிந்ததும் மலைக்குக் கிளம்புகிறது. பாப்பா அதில் போகிறாள்.

ஊர் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். போன் செத்து வெகுநாளாகிவிட்டது. மின்சாரம் நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது. கடைகள் பாதி ஷட்டரில் நடக்கின்றன. குனிந்து கேட்டால் இல்லை என்கிறார்கள், தெரிந்த முகமாக இருந்தால் பின்பக்கம் வரச் சொல்கிறார்கள். காவல் நிலையத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளேதான் யாரும் இல்லை. எதிர்வீட்டுத் தையல் மெஷின் கடையை நேற்றுப் பட்டப்பகலில் உடைத்தார்கள். தையல் மெஷினை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்களோ தெரியவில்லை. உடைக்கிற பழக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அத்தானுக்கு நீங்கள் 'பிரளய மந்திரி' என்று பேர் வைத்துச் சிரித்தீர்களே, இப்போது சிரிக்க ஆளில்லை. அரிசி, உப்பு, தீப்பெட்டி, காய்ச்சல் மாத்திரை, விதைகள், டீசல் என்று அவர் சேர்த்து வைத்ததெல்லாம் இன்று நம் உயிர். மலையில் அவருடைய நண்பரின் பழத்தோட்டம் இருக்கிறது. ஊற்று இருக்கிறது, கல் வீடு இருக்கிறது. பள்ளிக்கூட வேனின் இருபக்கமும் இருந்த பள்ளியின் பெயரைச் சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டார். அத்தனை வருஷம் ஓட்டிய வண்டி, பூசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டே பூசினார்.

போன வாரம் ஒத்திகை வைத்தார். விசில் ஊதினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏற வேண்டும். பிள்ளைகள் மூச்சு விடக் கூடாது, சத்தம் கேட்டால் தெருவே வண்டியைச் சூழ்ந்துகொள்ளும் என்று மிரட்டி வைத்திருந்தார். விசில் ஊதினார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். அக்காவின் பையன்கள் இரண்டு பேரும் பாத்திரம் கடகடக்க ஏறினார்கள். நான் முன்னால், தண்ணீர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு. ஊர் எல்லை வரை போய்விட்டோம். நல்ல வேகம் என்று அத்தானுக்கு ஒரே பெருமை. அக்கா திரும்பி, பாப்பாவை இப்படிக் கொடு, உனக்குக் கை வலிக்கும் என்றாள். என்னிடம் பாப்பா இல்லை. அவளிடம் இருக்கிறாள் என்று நான் இருந்தேன்.

வண்டியைத் திருப்பச் சொல்லிக் கத்தினேன். தினமும் பள்ளிப் பிள்ளைகளை ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி ஏற்றுகிற மனிதர் அத்தான். வீட்டு ஆட்களை யார் எண்ணுவார்கள்? நம் பாப்பாவும் எப்போதும் யாருடைய மடியிலாவது இருக்கிறவள்தான். அதனால் அவள் யாருடைய மடியிலும் இல்லாததை ஒருவரும் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முதுகில் பை, கால் மாற்றிப் போட்ட செருப்பு, ஒரு கையால் தன் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தாள். நான் அள்ளி எடுத்தபோதுதான் கையை எடுத்தாள்.

"சத்தம் போடக் கூடாதுன்னு பெரியப்பா சொன்னாரே. நான் போடவே இல்லம்மா."

அத்தான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் புதுச் சட்டம் வந்தது: ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு பெரியவரின் பொறுப்பு, மடி மாறக் கூடாது. பாப்பா அக்காவின் பொறுப்பு என்றார். பெற்றவள் நான் இருக்கும்போது அதென்ன அக்கா என்று எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"நீ வருவியா மாட்டியான்னு உனக்கே தெரியல. பிள்ளை யார் கையில இருக்கும்னு எனக்குத் தெரியணும்ல."

என் மனதில் இருந்ததை எனக்கு முன்னால் அவர் படித்துவிட்டார்.

காரணம் உங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஊர்க் குழாய்களைத் திறந்து மூடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேலி செய்தீர்கள். அந்த வேலைக்கு இப்போது நானும், என்னோடு வேலை பார்க்கும் நெட்டையும்தான் மிச்சம். மேஸ்திரி சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு போய்விட்டார். நெட்டைக்கு முழங்கால் வீங்கி, குழிக்குள் இறங்கி வால்வைத் திருக முடிவதில்லை. வெளிச்சம் பிடிக்கிறார், வாய் ஓயாமல் பேசுகிறார். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, அது மேட்டிலிருந்து தானாக இறங்குகிறது. ஆனால் மேல்தெருக்காரர்கள் ஜெனரேட்டர் வைத்து மோட்டாரில் உறிஞ்சுகிறார்கள். அவர்கள் வால்வை மூடிவிட்டு அரசு ஆஸ்பத்திரியின் வால்வைத் திறந்தால்தான் அங்கே ஒரு சொட்டாவது ஏறும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை இதைச் செய்ய வேண்டும்.

அத்தான்கூட ஒரு நாள், எல்லாத் தெருவையும் மூடிவிட்டு நம் டிரம்களை நிரப்பிக்கொள்ளலாமே என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொல்லிக் கத்திவிட்டேன். பாவம், அவர் நமக்காகத்தான் கேட்டார். அப்புறம் நம் தெருவின் முறை வந்தபோது சொம்பு முதற்கொண்டு எல்லாவற்றிலும் பிடித்து வைத்தோம்.

மேல்தெரு ஆட்கள் பம்ப் அறைக்கே வந்தார்கள். நாலு பேர். சண்டைக்கு வரவில்லை. நான் ஊரை விட்டுப் போகப்போவது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. வால்வுச் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒருவர் பாப்பா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். அன்றிலிருந்து சாவியைப் பம்ப் அறையில் வைப்பதில்லை. எங்கே வைக்கிறேன் என்று இதில் எழுதமாட்டேன்.

அதற்கு அடுத்த நாள் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் வந்தார். இருந்துவிடு என்று கெஞ்சுவார் என்று நினைத்து, பதிலை மனதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அப்படிக் கேட்கவே இல்லை.

"நீ போற நாளை மட்டும் முன்னாடியே சொல்லிடும்மா. இருக்கிற பாத்திரத்துல எல்லாம் பிடிச்சு வெச்சுக்கிறோம். பிரசவ வார்டுல எட்டுப் பேர் இருக்காங்க."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். கெஞ்சியிருந்தால் முடியாது என்றிருப்பேன். போகிற கிழமையை ஒரு சொல்லில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அது என் வாயில் வரவில்லை. நான் போகல சிஸ்டர் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

என்னைத் தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. பையை இரண்டு தடவை கட்டி இரண்டு தடவை பிரித்தேன். ராணுவம் வருகிறது, நிலைமை சீராகிவிடும் என்று நெட்டை தினமும் ஒரு செய்தி கொண்டு வருகிறார். அவர் கதை கட்டி விடுகிறார் என்று தெரிந்தும் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசாமலே பாப்பாவின் சட்டைகளின் உட்புறத்தில் நம் இருவர் பெயரையும் நூலால் தைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வண்டியில் வருகிறேன் என்று பாப்பாவிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அடுத்த வண்டி கிடையாது, டீசல் ஒரு நடைக்குத்தான். இந்தத் தடவை யாராவது உன்னை விட்டுவிட்டுப் போனால் ஊரே கூடும்படி கத்து என்று சொல்லிக் கொடுத்தேன். கத்திக் காட்டினாள். நல்ல தொண்டை, உங்கள் அம்மாவைப் போல.

இனிமேல் எழுதுவதைக் கவனமாகப் படியுங்கள். நெடுஞ்சாலையில் பாலம் தாண்டியதும் ஒரு டயர் கடை வரும். அங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. நேரே வந்தால் நம் ஊர். இடப்பக்கம் திரும்பினால் மலை. நீங்கள் இடப்பக்கம் திரும்புங்கள். என்னை ஓர் எட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று நினைக்காதீர்கள். வந்தால் நீங்கள் போகமாட்டீர்கள். உங்களைப் பார்த்துவிட்டால் போங்கள் என்று சொல்ல எனக்கும் மனம் வராது. இரண்டு பேரும் இங்கேயே இருந்துவிடுவோம். பாப்பாவுக்கு நம்மில் ஒருவர் வேண்டும்.

கோபப்படுவீர்கள். கோபப்படுங்கள், நடந்துகொண்டே கோபப்படுங்கள். வழியில் கொதிக்கவைக்காத தண்ணீரைக் குடிக்காதீர்கள். உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்காத நேரமில்லை. உங்களைப் பார்த்ததும் பாப்பா உங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள், அம்மா எங்கே என்று கேட்பாள். தண்ணீர் திறந்துவிட்டு வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லுங்கள். தினமும் கேட்டால் தினமும் அதையே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்காத உங்கள் மனைவி