கானை அடைக்காத நத்தார்

2024 டிசம்பர் 2
போன வருஷம் நத்தார்ப் பண்டிகை முடிந்து இரண்டாம் நாள் பெரிய மழை. விருந்தில் சாப்பிட்டு நாங்கள் வீசிய பிளாஸ்டிக் லஞ்ச் சீட்டும் பரிசு சுற்றிய மினுக்குத் தாளும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடுகிற கழிவுநீர்க் கானை அடைத்து, தண்ணீர் பக்கத்து வீட்டு வேலாயி அக்காவின் அடுப்படிக்குள் ஏறியது. நனைந்த விறகோடு வந்து நின்றார். "மழைக்கு நான் என்ன செய்ய?" என்றேன். அன்று நின்றது பேச்சு. நினைத்தால் இன்னும் கூசுது. இந்த வருஷம் அந்தக் கானுக்குள் ஒரு துண்டு போகக்கூடாது.

டிசம்பர் 3
என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரித்தார்.

டிசம்பர் 8
நோர்வூட் டவுனில் சாமான் வாங்கினேன். மாவுக்கு, சீனிக்கு, ரவைக்கு என்று வீட்டிலிருந்தே டின்கள் கொண்டுபோனேன். "ஷொப்பிங் பேக்குக்கு என்ன குத்தம் தங்கச்சி?" என்றார் கடைக்கார ஹலீம் நானா. பஸ்ஸில் திரும்பும்போது ரவை டின் மூடி கழன்று பாதி கண்டக்டரின் சப்பாத்தில். இறங்கும்வரை மனுஷன் நறநறவென்றுதான் நடந்தார்.

டிசம்பர் 14
மகள் தனுஷிகா காலி பால்மா பக்கட்டுகளைக் கழுவி, உள்பக்கத்தைத் திருப்பி, வெள்ளி நட்சத்திரம் செய்தாள். பழைய கொப்பித் தாளில் நீளமாய்ச் சங்கிலி. வாசலில் கட்டினோம்.

டிசம்பர் 16
சங்கிலியை வேலாயி அக்காவின் ஆடு தின்றுவிட்டது. அக்காவே வந்துவிட்டார்.
"தாள்ல என்ன தடவியிருக்கீங்க? ஆட்டுக்கு வயிறு ஊதினா?"
"கோதுமை மா பசைதான்க்கா. பிள்ளையோட கணக்குக் கொப்பி."
"அதான் இவ்வளவு நேரம் யோசிச்சு மெல்லுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.
ஒரு வருஷத்தில் முதல் பேச்சு. சண்டைதான். ஆனாலும் பேச்சுதானே?

டிசம்பர் 21
நத்தார் விருந்துக்கு லஞ்ச் சீட் வேண்டாம், அவங்கவங்க தட்டைக் கொண்டு வரட்டும் என்றேன் வீட்டுக்காரரிடம்.
"கூப்பிட்டுட்டு தட்டையும் கொண்டான்னா லயமே சிரிக்கும்" என்றார்.
"அப்ப கானுக்குள்ள நீங்களே இறங்கி அள்ளுங்க."
பின்னேரம் பார்த்தால், வீடு வீடாய்ப் போய்த் தட்டு விஷயம் சொல்லிக்கொண்டிருக்கிறார் — தன்னுடைய யோசனையாம்.

டிசம்பர் 23
வேலாயி அக்கா வீட்டுக்கு மட்டும் நானே போனேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.
"போன வருஷம் அடைச்சது எங்க குப்பைதான்க்கா. மழைய குத்தம் சொன்னது தப்பு."
"அது எனக்கு அன்னைக்கே தெரியும்."
"விருந்துக்கு வாங்க."
நிமிரவில்லை. பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

டிசம்பர் 25
மாதா கோயில் பூசை முடிந்து எல்லோரும் தட்டோடு வந்தார்கள். கடைசி வீட்டு அழகுமுத்து அண்ணன் மட்டும் பெரிய பேசனோடு. "அளவு ஒண்ணும் சொல்லலையே" என்றார். எலும்பு, மிச்சம் மீதி எல்லாம் தோட்டத்துக் குழிக்குள். கானுக்குள் ஒன்றுமில்லை.
வேலாயி அக்கா வரவில்லை.
வாசலை எத்தனை தடவை பார்த்திருப்பேன்?

டிசம்பர் 26
தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 27
விடியும்போதே மழை. பயந்துபோய்ப் பின்பக்கம் ஓடினேன். வேலாயி அக்கா தலையில் உரச் சாக்கோடு கானோரம் குந்தியிருந்தார். தண்ணீர் தடங்கலில்லாமல் சலசலவென்று போனது. நானும் பக்கத்தில் குந்தினேன்.
"கோழிக்கறி முடிஞ்சிருச்சா?" என்றார்.
"உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்க்கா."
"சூடு பண்ணு. வர்றேன்."
வந்தார். உறைப்பு பத்தலையாம். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.