மா தூவிய வலை

இன்று காலை கண்டாவளை வயல் வரம்பில் ஒரு வட்ட வலையைத் தொட்டேன். விரலில் ஒட்டியது. ‘பசை உண்டு’ என்று எழுதிவிட்டு, வலை நூல் புகைப்படத்தில் தெரிவதற்காகக் கோதுமை மா தூவினேன். படம் எடுத்ததும் மாவை ஊதிவிட்டேன். சாப்பாடு கொண்டுவந்த மனைவி அதே வலையைத் தொட்டாள்.

“என்னப்பா இது, கையில ஒட்டேல்லை.”

மச்சான், இதே சொல்லைச் சொன்னதற்காகத்தானே உன்னைப் பொய்யன் ஆக்கினேன்.

வயல் வயலாகச் சிலந்தி தேடித் திரிந்த நாம் இருவரும், வட்ட வலை பின்னுபவற்றை இரண்டு வகையாகப் பிரித்து எழுதிவந்தோம். ஒன்று நூலில் பசைத் துளி வைக்கும். மற்றது பசையில்லாமல் நூலைச் சீவிப் பஞ்சாக்கும். ஒரே மூதாதை பின்னிய வலையா, இரண்டும் தனித்தனியாக வந்து சேர்ந்த வடிவமா என்று தேத்தண்ணி ஆறும்வரை வாதாடுவோம். “வலையைப் பாத்து இனம் சொல்லாதை, நூலைத் தொட்டுப் பார்” என்பாய்.

நம் பிரிவு தொடங்கிய அன்று, நாம் பார்க்கப்போன வலையின் சிலந்தி ஓடிவிட்டது. வலையைத் தொட்டுவிட்டுப் ‘பசையில்லாதது’ என்று எழுதினாய். அந்த வகையை இந்தப் பக்கம் நாம் அதுவரை கண்டதில்லை. மறுநாள் நான் தனியே போய் அதே இடத்து வலையைத் தொட்டேன், ஒட்டியது. பேருக்கு ஆசைப்படுகிறாய் என்று நினைத்தேன். நீ இல்லாத நேரம் உன் குறிப்புக் கொப்பியைப் புரட்டிப் பொய் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. சரியான கள்ளன், தடயமே வைக்கவில்லை என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

சிலந்தி பார்ப்போர் கூட்டத்தில், ஏன் பொய் எழுதினாய் என்று எல்லோர் முன்னும் கேட்டேன். நீ சத்தம் போடவில்லை.

“நான் தொட்டனான், மச்சான். ஒட்டேல்லை.”

அந்த வரியை வெட்டி, கொப்பியை என்னிடம் தந்துவிட்டுப் போனாய். பிறகு வயலுக்கு வரவேயில்லை. உன் செத்தவீட்டிலும் எனக்கு உன்மேல் சந்தேகம் தீரவில்லை.

தொட்ட பிறகுதான் மா தூவ வேண்டும் என்பது நம் ஒழுங்கு. அன்று வெயில் ஏறமுன் படம் எடுக்கும் அவசரத்தில், நீ வருவதற்குள் தூவி ஊதியவன் நான். உனக்குச் சொல்லவில்லை. மா பசையை மூடிவிட்டது. மறுநாள் நான் தொட்டது, சிலந்தி பழையதைத் தின்றுவிட்டுப் புதிதாகப் பின்னிய வலை. அது தினமும் அப்படிச் செய்வது எனக்குத் தெரியாததா? உன்னைச் சந்தேகிப்பதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

உன் வரி பிழை. நீ பொய் சொல்லவில்லை. நீ வெட்டிய வரிக்குப் பக்கத்தில் ‘மா தூவியது நான்’ என்று எழுதிக் கையொப்பம் வைத்திருக்கிறேன். நாளை கொப்பியை உன் மனைவியிடம் கொடுப்பேன்.

பின்னேரம் வேலியில் இன்னொரு வலை கண்டேன். தொடுவதற்கு முன், மா ஒட்டியிருக்கிறதா என்று என் கையைத்தான் பார்த்தேன்.