மூன்று அங்குலம்

01.02.2024 – வியாழன்

போகும்போதும் இடித்தது, வரும்போதும் இடித்தது. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கீழே இறங்கும் பாதையில் இரண்டாவது மதகு. காரின் முன்பக்கம் ஏறிவிடுகிறது. பின்பக்கம் தொய்ந்து போய், சைலன்சர் கல்லில் உரசிக் கத்துகிறது. மொரிஸ் மைனருக்கு என்னைவிட எட்டு வயது அதிகம். பின்னாலுள்ள ஸ்பிரிங் பட்டைகள் களைத்துவிட்டன. என் மனைவி சரோஜாவும் அவள் தங்கை லெட்சுமியும் பின் சீட்டில் ஏறினால் கார் குந்திவிடுகிறது.

பதுளை கிளினிக்கில் டொக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். சரோஜாவுக்கு மார்பில் வந்த புற்று இப்போது முள்ளந்தண்டிலும் இருக்கிறதாம். இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழன் மருந்து ஏற்ற வரவேண்டும். பஸ் வேண்டாம், ஆட்டோ வேண்டாம், குலுங்கக் கூடாது என்றார்.

நான் என்ன சொன்னேன்? "சரிங்க டொக்டர்." அவ்வளவுதான். வெளியே வந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன்.

03.02.2024

அழுகை வரவில்லை. லெட்சுமி அழுதாள், சரோஜா அவளைத் தேற்றினாள். நான் பல் பிடுங்க ஊசி போட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

05.02.2024 – திங்கள்

காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அளக்க ஏதாவது இருந்தால் நல்லது. டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே, ஆள் இல்லாமல், ஐந்து அங்குலம். எட்டு அங்குலமாவது வேண்டும்.

08.02.2024 – வியாழன்

பதுளையில் றவூப் பாஸின் பட்டறை. தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறியை முப்பது வருஷம் ஓட்டினேன். பட்டை உடைந்தால் அவரிடம்தான் போவேன். காரைச் சுற்றி வந்தார். பின்பக்கத்தை இரண்டு தரம் அமுக்கி விட்டுப் பார்த்தார்.

"பழைய பட்டையவே சூடாக்கி வளைச்சுத் தாறேன். ஒரு அங்குலம் ஏறும். மெத்துனு இருக்கும்."

"ஒண்ணு பத்தாது, மூணு வேணும். லொறிப் பட்டைய வெட்டி ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு சேத்துப் போடுங்க."

"அது லொறிக்குச் சரி, சிவஞானம்."

"லொறியப் பத்தி எனக்கே சொல்றீங்களா?"

சிரித்துவிட்டுப் போட்டுத் தந்தார். புது யூ போல்ட், புது புஷ். சரியாக மூன்று அங்குலம் ஏறியது.

வீட்டுக்கு முன்னால் கார் வாலைத் தூக்கின சேவல் மாதிரி நிற்கிறது. சரோஜா கதவைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். "கல்யாணக் காரு மாதிரி இருக்குங்க" என்றாள். கையெல்லாம் கிறீஸ். கழுவிவிட்டு வந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

15.02.2024 – வியாழன்

மதகில் இடிக்கவில்லை. இருவரும் பின்னால் ஏறிய பிறகு அளந்தேன். அரை அங்குலம்கூட இறங்கவில்லை!

தெமோதரை தாண்டியதும் கண்ணாடியில் பார்த்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாருக்குங்க" என்றாள் சரோஜா. கண்ணை மூடியிருந்தாள். களைப்பாக இருக்கும்.

16.02.2024

அளந்தேன். எட்டு.

21.02.2024

அளந்தேன். எட்டேதான். லெட்சுமி மருந்துத் தண்ணீர் கொண்டுபோகிற வழியில் நின்றாள். "காரத்தான் அளப்பீங்களா மச்சான்? அக்காகிட்ட வந்து கொஞ்ச நேரம் உக்காந்தா என்ன?"

உட்காரலாம். உட்கார்ந்து என்ன பேசுவது?

29.02.2024 – வியாழன்

சரோஜா இரண்டு தலையணை கேட்டாள். போன தடவை கேட்கவில்லையே. லெட்சுமி வழிநெடுக "மெதுவா, மெதுவா" என்றாள். நடந்து போகிறவர்கள் எங்களை முந்தினார்கள், இதற்கு மேல் எப்படி மெதுவாகப் போவது? மதகு பிரச்சினை இல்லை.

14.03.2024 – வியாழன்

லெட்சுமிக்குக் காய்ச்சல். பின்னால் சரோஜாவைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். இந்தக் காரைத் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் எனக்குக் கொடுத்ததிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன், வேறு யாருக்கும் சாவி தந்ததில்லை. இன்று பக்கத்து வீட்டு அஜந்தனிடம் கொடுத்தேன். ஆட்டோ ஓட்டுகிறவன், நிதானமானவன். என் காரின் பின் சீட்டில் நான் இன்றுதான் உட்கார்ந்தேன்.

முதல் பள்ளத்திலேயே பல்லும் பல்லும் அடித்துக்கொண்டது. பட்டை அசையவே இல்லை. பாதையில் இருக்கிற கல் ஒவ்வொன்றும் நேராக முதுகுக்கு வந்தது. சரோஜா சத்தம் போடவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தாள். அந்த முனை ஏற்கெனவே கடித்துக் கடித்துக் கிழிந்திருந்தது.

கிளினிக் வாங்குப் பலகையில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"எப்பருந்து இப்புடி?"

"பட்டை போட்டதுலேருந்து."

"ஏன் புள்ள சொல்லல?"

முந்தானையின் கிழிந்த முனையை உள்ளே மடித்தாள். "அந்தப் படத்தப் பாத்த நாள்லேருந்து நீங்க ஒழுங்கா சாப்புடல. பட்டை போட்ட அன்னிக்குத்தான் ரெண்டு தரம் சோறு வாங்கித் தின்னீங்க. அதக் கெடுப்பானேன்னு இருந்தேன்."

முப்பது வருஷம் நான் ஏற்றியது கொழுந்துச் சாக்கு. அதற்கு முதுகு கிடையாது, வலிக்கிறது என்று சொல்லாது. பட்டை கெட்டியாக இருந்தால் நல்ல லொறி. அந்தப் புத்தியோடு பொண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அடே, அரை அங்குலம்கூட எறங்கலன்னு பெருமையா எழுதி வச்சிருக்கியே — எறங்காத ஸ்பிரிங்கு எதுக்குடா? தெரியாதா ஒனக்கு? மூணு தரம் கூட்டிட்டுப் போயிருக்க. போக மூணு, வர மூணு.

16.03.2024 – சனி

"கழட்டிருங்க பாஸ்" என்றேன். றவூப் பாஸ் ஏன் என்று கேட்கவில்லை. நான் அன்றே சொன்னேனே என்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை. லொறிப் பட்டைகளைக் கழற்றி ஓரமாகப் போட்டார்.

"பழசையாவது வளைச்சுத் தாங்க."

விரலால் தடவிக் காட்டினார். "கெட்டிப் பட்டை அழுத்தின இடம் தேஞ்சு போயிட்டு. இனிச் சூடு காட்டினா வெடிக்கும். ஓடும், பயமில்லை. உயரம் மட்டும் கேக்காதீங்க."

திரும்ப ஐந்து அங்குலம். கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம். நான் அளக்கவில்லை.

28.03.2024 – வியாழன்

அஜந்தன் ஓட்டினான். லெட்சுமி முன்னால். சரோஜாவைப் பின் சீட்டில் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது மதகில் சைலன்சர் இடித்தது, இழுபட்டது, பிறகு தகரம் விழுகிற சத்தம். அஜந்தன் பிரேக் போட்டான். "மாமா, சைலன்சர் போச்சு."

"போகட்டும். ஓட்டு."

தெமோதரையிலிருந்து பதுளை வரை டிராக்டர் மாதிரி உறுமிக்கொண்டு போனோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். லெட்சுமிக்கு வெட்கம், தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவு சத்தத்திலும் சரோஜா தூங்கினாள். ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

அவள் தலை ஏன் இவ்வளவு இலேசாக இருக்கிறது? கழுத்து எப்போது இப்படி மெலிந்தது? ஒரு மணி நேரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். இத்தனை நாள் பார்த்திருக்கவே இல்லை. பிப்ரவரி முழுக்க நான் பார்த்தது டயரையும் மட்காட்டையும்தான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிலில் படுக்க வைத்தேன். வெளியே கார் நிற்கிறது, சைலன்சரைத் தேடி எடுத்துவர அஜந்தன் போயிருக்கிறான். நான் போகவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு சரோஜா" என்றேன்.

"எனக்குந்தாங்க" என்றாள். சுவர்ப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.