அய்யாவு இல்லாத வட்டம்

ஜூன் 14, சனி

ஜோகுபாளையத்தில் கெஸ்டால்ட் என்னும் உளசிகிச்சை முறைக்கான பயிற்சி வகுப்பு. இன்று களக் கோட்பாடு. ஒருவருடைய நடத்தை அவருக்குள்ளிருந்து மட்டும் வருவதில்லை, சுற்றியிருக்கும் எல்லோரும் சேர்ந்த களத்திலிருந்து வருகிறது என்றார் அனந்தலக்ஷ்மி மேடம். எழுதிக்கொண்டேன். புரியவில்லை.

பிறகு மனதில் பட்டதை ஒருவருக்கொருவர் சொல்ல வட்டமாக உட்கார்ந்தோம். வழக்கம்போல எல்லோரும் அய்யாவு மேல் பாய்ந்தார்கள். தர்மபுரிக்காரர், பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர், அதிகம் பேசமாட்டார்.

"நீங்க கம்முனு இருக்கிறதே எங்கள ஜட்ஜ் பண்ற மாதிரி இருக்கு" என்றான் கிரண். நானும் தலையாட்டினேன்.

"கேட்டுட்டுதாங்க இருக்கேன்." கழுத்தெல்லாம் வியர்வை அவருக்கு.

"பாத்தீங்களா, இதேதான்!" என்றாள் நிருபமா.

ஜூன் 28

அய்யாவு வகுப்பிலிருந்து நின்றுவிட்டார். "ஸ்கூல்ல பசங்ககிட்ட பேசவும் வாய் வரலயாம்" என்றார் மேடம். தேநீர் இடைவேளையில் கிரண், "இப்பத்தான் மூச்சு விட முடியுது" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஜூலை 12

இன்று முழுக்க நான்தான். அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்தேன். "இளவேனில், நீங்க எப்பவும் பரிதாபம் தேடுறீங்க" — நிருபமா. அழுதேன். அழுகையை ஆயுதமா யூஸ் பண்றேனாம். அடக்கிக்கொண்டேன். மூஞ்சிய கல்லாட்டம் வச்சிருக்கேனாம். என்னதான்யா செய்யணும் நான்? எது செஞ்சாலும் தப்பு!

மேடத்தைப் பார்த்தேன். "களத்தில் என்ன நடக்குதுன்னு கவனி" என்றார்.

ஜூலை 13

கவனித்தேன். அந்த அறைக்கு அடி வாங்க ஒரு ஆள் வேண்டும். அய்யாவு எழுந்து போனார், இடம் போகவில்லை. இதுதான் களமா?

அவருக்கு போன் செய்தேன். "இப்ப உங்களயா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. "நின்னுடுங்க. மனசு கெட்டுப்போயிடும்."

நின்றால் நான் கவுன்சிலர் ஆவது எப்படி? ஆயுசுக்கும் ஆபீஸில் ஆட்களை வேலையிலிருந்து எடுக்கும் மெயில் அடித்துக்கொண்டே இருப்பதா?

ஜூலை 26

இன்றும் நான்.

ஆகஸ்ட் 9

அய்யாவுக்குப் பதிலாகப் புதிதாக ஒரு பெண், சிந்து. ஆனேக்கல்லிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். பதற்றத்தில் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

வட்டமாக உட்கார்ந்தோம். நிருபமா என் பக்கம் திரும்பினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன்.

"சிந்து, அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி எதை மறைக்கிறீங்க?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. மேடம் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

மதியம் கிரண் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் டப்பாவிலிருந்து சித்ரான்னம் வைத்தான். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.