போகும்போது நீ, வரும்போது அவள்

அன்புள்ள குட்டிம்மா,

வாடகை விமானத்தைப் போகும்போது நீயும் வரும்போது தோழியுமாக ஓட்டி, பாதிச் செலவில் விமானி உரிமத்துக்கு வேண்டிய பறக்கும் மணிநேரத்தைச் சேர்த்துவந்தீர்களே! இப்போது சண்டையாம், தனியாக வாடகை கட்ட முடியாததால் பயிற்சியையே விடப்போகிறாயாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நானும் உன் அம்மாவும் வேலைபார்த்த பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. எங்களுக்கு ஒரே சைக்கிள். போகும்போது நான் மிதிப்பேன், வரும்போது அவள்.

"ஏத்தத்துக்கு நான், இறக்கத்துக்கு நீயா? நல்ல பங்கு!" என்றேன் ஒருநாள்.

"அப்ப நீங்களே ஓட்டிக்கோங்க சார்!" என்று இறங்கிவிட்டாள். வீம்புக்கு நானும் ஏறவில்லை. சைக்கிளை நடுவில் உருட்டிக்கொண்டே வீடுவரை நடந்தோம். வாசலில் அவள்தான் முதலில் சிரித்தாள்.

இப்போதெல்லாம் போகவும் வரவும் நானேதான் மிதிக்கிறேன். இறக்கத்தில்கூடக் கனக்கிறது.

உன் தோழியைக் கூப்பிடு. முதலில் நீ சிரித்துவிடு.

உன்
அப்பா