தேங்காய்ப்பால் தடை

அக். 14, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். சீருடை காயவில்லை. இரவுச் சாப்பாடு: சோறு, தண்ணியில் வெந்த பருப்பு, தண்ணியில் வெந்த கத்தரிக்காய், தண்ணி. தேங்காய்ப்பாலில்லாத சொதிக்கு நான் வைத்த பெயர் ‘சதி’. அம்மா சிரிக்கவில்லை.

காரணம் அப்பாவின் இரத்தப் பரிசோதனை. கொலஸ்ட்ரோல் கூடியதால் போன வருடத்திலிருந்து வீட்டில் தேங்காய்ப்பால், எண்ணெய், பொரியல் எல்லாம் தடை. முதலில் அப்பா மெலிந்தார். இப்போது பழைய தொப்பை திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்றைய ரிப்போர்ட்டில் கெட்ட கொலஸ்ட்ரோல் கொஞ்சம் இறக்கம். ட்ரைகிளிசரைட் என்கிற இன்னொரு கொழுப்பு நல்ல ஏற்றம். ஜனவரிக்குள் இறங்காவிட்டால் இன்னொரு குளிசை, இதயத்துக்கு வேறு சோதனைகள்.

பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தது இதே வயதில். யாரும் சொல்லவில்லை. எல்லாரும் நினைத்தோம்.

அக். 15
அம்மாவின் தீர்ப்பு: அப்பா கடையில் களவாக, எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் தின்கிறார். அப்பா சாமி படத்தைப் பார்த்து இல்லை என்றார். அம்மா விடவில்லை: “நான் எண்ணெ ஊத்தல. அப்ப வானத்துலருந்தா கொழுப்பு வந்துச்சு?” அதோடு வீட்டில் பேச்சு நின்றது. எனக்கும் சந்தேகம்தான்.

அக். 19, சனி
வெயில்! அப்பா கணக்கெழுதும் ஹார்ட்வெயார் கடைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். கூடவே ஒரு பொறி: சுடச்சுட மீன் ரோல்ஸ் ஒன்று, அவர் மேசை ஓரத்தில். ஆணிப் பெட்டிகளுக்குப் பின்னால் நான்.

அப்பா வந்தார். பார்த்தார். குனிந்து முகர்ந்தார். பிறகு திரும்பாமலே, “வெளிய வா புள்ள. ஒங்கம்மா அனுப்புனாளா?”

இல்லை, சொந்தத் தொழில் என்றேன்.

“ஆறிரும். நீ சாப்புடு.”

சாப்பிட்டேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “மீன் நெறைய வச்சிருக்கானா?” அவ்வளவுதான் கேட்டார்.

அப்பா நிரபராதி. ஆனால் பிறகு பிளேன்டீ வந்தது. கடிக்க உள்ளங்கை அகலத்துக்குக் கித்துள் கருப்பட்டி. தொட்டுத் தின்ன ரஸ்க். கொஞ்ச நேரத்தில் மறுபடி பிளேன்டீ, மறுபடி கருப்பட்டி. “இதுல ஏது எண்ணெ? ஒங்கம்மாதான் டின்னு டின்னா குடுத்து விடுறா.”

உண்மை. பசிக்கிறது என்றால் வீட்டிலும் அம்மா தருவது பாணும் ஜாமும், இல்லாவிட்டால் இன்னொரு அகப்பை சோறு. எண்ணெய் இல்லைதானே.

அக். 23
கிளினிக். கருப்பட்டி விஷயத்தைப் போட்டுக்கொடுத்தது நான். டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். கொழுப்பை எடுத்த இடத்தில் சீனியையும் மாவையும் நிரப்பியிருக்கிறீர்கள், உடம்பு அதையே கொழுப்பாக்கி இரத்தத்தில் விடுகிறது, எடையும் அப்படித்தான் திரும்பியது என்றார். கருப்பட்டியும் சீனிதானாம். இனிச் சோறு பாதி. கீரை, பயறு, மீன் கூடுதலாக. வெறும் தேத்தண்ணி. பின்னேரம் வாவியைச் சுற்றி நடை. அளவாக எண்ணெய் ஊற்றினால் குற்றமில்லை.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து அம்மா, “நானே குடுத்தேனே” என்றாள்.

“நீ குடுத்த, நான் தின்னேன். எந்திரி, பஸ் வருது.”

ரஸ்க்கில் இவ்வளவு ரிஸ்க்கா என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்.

நவ. 16, சனி
வாவிக்கரை. அப்பா, அம்மா முன்னால், பேசிக்கொண்டே. நான் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு. வெட்கக்கேடு. கருப்பட்டி இல்லாத தேத்தண்ணிக்கு அப்பாவின் முகம்: வேப்பெண்ணெய் குடித்த பூனை. அவர் பெல்ட்டை இறுக்கப் புது ஓட்டை போட்டோம்.

ஜன. 13, திங்கள்
நாளை பொங்கல். இன்று பின்னேரம் ரிப்போர்ட். அம்மா கவரைப் பிரிக்கவில்லை, டொக்டரிடமே நீட்டினாள். அவர் வாசித்த நேரம் முழுக்க அப்பா சுவர்ப் படத்திலிருந்த இதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ட்ரைகிளிசரைட் நன்றாக இறங்கியிருக்கிறது. கெட்டதும் ஏறவில்லை. எடையும் குறைவு. புதுக் குளிசை வேண்டாம், இப்படியே போங்கள் என்றார். அம்மா நன்றி சொல்ல மறந்து, “பொங்கல்ல கொஞ்சம் நெய் விடலாமா ஐயா?” டொக்டர் சிரித்துவிட்டார். ஒரு கரண்டி.

பஸ்ஸில் ஏறினதும் அப்பா அம்மாவின் தோளில் தூங்கிப்போனார். வாய் திறந்து, குறட்டையோடு. எல்லார் முன்னாலும். நாங்கள் இறங்கவேண்டிய மஹய்யாவ வந்தது. மணியடிக்கக் கை தூக்கினேன். அம்மா தலையாட்டினாள், வேண்டாம் என்று.

கட்டுகஸ்தோட்டை வரை போனோம்.